நைனாவை வீட்டுக்குக் கூட்டி வந்தது

எட்டாம் நாள் காலையில் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நைனாவுக்கு இனி இங்கே செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் இன்றைக்கே போய்விடுங்கள் என்றார். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். இன்று ராத்திரியைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றார். விழுப்புரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே மனுஷர் அவர்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

நான் அழவில்லை. ஏழு நாளாக ஐசியு கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அழவேண்டியதை அழுது முடித்திருந்தேன். வெளியே வந்ததும் அம்மாவிடம், "நைனாவ ஊட்டுக்குக் கூட்டிட்டு போலாம்னு சொல்ட்டாங்க. நீ மொதல்ல பஸ் ஏறிப் போயி ஊட்டத் தொற. ஹால காலி பண்ணி வையி" என்றேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உசுரோட கொண்டாந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், எங்கள் சிங்கவரத்தில் வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் எடுத்துப் போகமாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு அங்கேதான் கிடத்துவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். ஐப்பசி மழை. தெருவில் ஃப்ரீசர் பெட்டி, பெட்டிக்கு மேலே தார்ப்பாய், தார்ப்பாய் ஓட்டையில் ஒழுகிய தண்ணீர் கண்ணாடி மேல் விழுந்து முகமே தெரியவில்லை. பத்தடி தூரத்தில் அவருடைய சொந்த வீடு, கதவு திறந்தபடி இருந்தது. நைனா தன் தம்பிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுக்க நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தட்டில் கை வைக்காமல், "என்ன இந்த மாதிரி தெருவுல போட்டுடாதீங்க. நான் கட்டன ஊடு இருக்குது" என்றார்.

அவர் கட்டிய வீடுதான். வேர்க்கடலைக்கு, எங்கள் பக்கத்தில் மணிலா என்போம், நல்ல விலை கிடைத்த வருஷம் ஹால், கிணற்றில் தண்ணீர் இருந்த வருஷம் சமையல்கட்டு, பிறகு பல வருஷம் ஒன்றும் இல்லாமல் கடைசியாகப் பின்பக்கத்து அறை. தளம் போட்ட அன்றைக்கு நானும் அம்மாவும் ஜல்லி சுமந்தோம். அந்த ஹாலில், அந்தத் தளத்துக்கு அடியில், மூச்சு இருக்கும்போது அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

நான் ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகி நான்கே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டவள். அதனால் பேங்க், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் நான்தான் ஆள். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் ஒரு நெல் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயரைச் சம்பாதிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று, அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு வரைக்கும் கிடையாது.

கமிட்டியில் ஒரு நடைமுறை. மூட்டை கேட்டுக்கு உள்ளே இருக்கும்வரைதான் பேச்சு. எடைச்சீட்டில் தப்பு இருந்தால் வண்டி உள்ளே நிற்கும்போதே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். கேட்டைத் தாண்டிப் போய்விட்டு மறுநாள் வந்து மூன்று மூட்டை குறைகிறது என்று நின்றால், அவலூர்பேட்டையிலிருந்து வந்தாலும் சரி, அமெரிக்காவிலிருந்து வந்தாலும் சரி, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படி வந்து நின்று தலை குனிந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் எதை எழுதினாலும் கேட்டுக்கு உள்ளேயே சரி பார்த்துவிடு என்பது என் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

பில் பதினொன்றரை மணிக்கு வந்தது. மூன்று தாள், பின் அடித்திருந்தது. அதில் கேட்டிருந்த தொகை முழுக்க என் பையில் இருந்தது. அம்மாவின் செயினையும் என் வளையலையும் முந்தின நாளே செஞ்சிக் கடைவீதியில் அடகு வைத்திருந்தேன். கட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்திருக்கலாம்.

நான் பில்லைப் படித்தேன். வெண்டிலேட்டர் இரண்டு நாள் என்று போட்டிருந்தது. நைனாவுக்கு வெண்டிலேட்டரே வைக்கவில்லை, மூக்குக்கும் வாய்க்கும் மாஸ்க் மட்டும்தான். பிசியோதெரபி ஏழு நாள். வராமல் போன அவருடைய ஒரு காலை அந்த ஏழு நாளில் தொட்டவர்கள் அம்மாவும் நானும்தான், அதுவும் பார்வையாளர் நேரத்தில். கடைசித் தாளில் ஏழு நாள் சாப்பாடு என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்கு ஏறியது.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் போனேன். "இது இன்னாம்மா, டயட்டுனு ஏழு நாளைக்குப் போட்டிருக்குது? அவரு வாயில ஒரு சொட்டு தண்ணி எறங்கல."

"அது பேக்கேஜ் மேம்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேக்கேஜுன்னா?"

"எல்லாருக்கும் வரும் மேம்."

"சாப்புடாதவருக்கும் வருமா?"

"மேல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல கேளுங்க மேம். நாங்க பிரிண்ட் மட்டும்தான்."

முதல் மாடிக்குப் போனேன். லிஃப்ட் நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும் என்று எழுதியிருந்தது. மேலே இருந்த சிஸ்டர், தாங்கள் கொடுத்த மருந்தை எழுதுவதோடு சரி, பில் எல்லாம் கீழேதான் என்றார். கீழே வந்தேன். அதே பெண் இந்த முறை, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியும் என்றாள். டாக்டர் ஓபியில் இருந்தார். ஓபி வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். அவர்களும் என்னைப் போலத்தான், யாருக்காகவோ நிற்பவர்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை, வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டிருந்தார்.

ஒரு மணிக்கு ஐசியுவில் பார்க்க விட்டார்கள். நைனா கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"கெளம்பலாமா பாப்பா?"

"இதோ, பத்து நிமிஷம் நைனா. பில்லு போட்டுட்டு இருக்காங்க."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என்னை நம்பினார். சின்ன வயசிலிருந்து நான் சொன்னதை அவர் நம்பாமல் இருந்ததே இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று திரும்பி வந்தபோதும் நான் சொன்னதைத்தான் நம்பினார், ஊர் சொன்னதை இல்லை.

கீழே வந்தபோது கவுண்ட்டரில் அந்தப் பெண் எனக்கு முன்னால் இருந்த ஒருவரிடம், "பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். "காலைலேர்ந்து பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு சொல்றியே, உங்க ஊருல பத்து நிமிஷம்னா எவ்ளோ நேரம்?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலே படுத்திருந்தவரிடம் நானும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் கவுண்ட்டரில் சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வாசலுக்குப் பக்கத்தில் தனி மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். டை கட்டியிருந்தார். நோயாளிகளின் குறைகளைக் கேட்பதற்கென்றே அவரை வைத்திருக்கிறார்களாம். "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுங்க மேடம்" என்று ஆரம்பித்தார். நான் சொன்னதை எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிவில் ஒரு தாளைக் கொடுத்து, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று இதில் குறித்துக் கொடுங்கள், மேனேஜ்மென்ட் பார்க்கும் என்றார். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருந்தன. சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்துப் போகப்போகச் சிரிப்பு குறைந்தது. கடைசி முகம்கூட லேசாகத்தான் வருத்தப்பட்டது. அந்தத் தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மணிக்கு அம்மா போன் செய்தாள். "கெளம்பிட்டீங்களா? ஹால்ல கட்டலப் போட்டு விரிச்சிட்டேன்."

"பில்லுல நெறைய தப்பு இருக்குதும்மா. இல்லாததெல்லாம் போட்டிருக்கான். சரி பண்ணிட்டு வரேன்."

"நைனா எப்பிடி இருக்காரு?" என்றாள்.

"பேசனாரு."

"சரி. நீ பாத்து செய்யி" என்று வைத்துவிட்டாள்.

அம்மா ஒரு வார்த்தை, போதும் வாடி என்று சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? தெரியவில்லை. அவள் மேல் பழி போட எனக்கு வழி இல்லை, நான் பார்த்துச் செய்வேன் என்று நம்பித்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

மூன்று மணிக்கு மேல் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். அவர் அறையில் நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். வெண்டிலேட்டர் வைத்ததாக எழுதிய நர்ஸைக் கூப்பிடுங்கள் என்றேன். பிசியோதெரபி செய்தவர் யார், அவருக்கு நைனாவின் எந்தக் கால் வராது என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் முதலில் கம்ப்யூட்டரில் தப்பு வராது என்றார். பிறகு சில சமயம் வரும் என்றார். கடைசியில் பேனாவை எடுத்து மூன்று வரிகளை அடித்து, நல்லெண்ணத்தில் குறைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினெட்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "சரியா கேட்டம்மா. எங்களுக்கெல்லாம் இந்த வாயி இல்லாம போச்சி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தேன். மணி நான்கு.

பணத்தைக் கட்டிய பிறகும் மருந்துக்கடையில் பாக்கி இல்லை என்று ஒரு முத்திரை, லேபில் ஒரு முத்திரை, வாசல் காவலாளிக்கு ஒரு சீட்டு. நைனாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நாலே முக்கால். வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினார். "ஊட்டுக்குப் போறோம் நைனா" என்றேன். கேட்டதா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் உதவிக்கு வந்தவர் என் வயதுக்காரர். தலை நரைத்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பதும் நைனாவின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். செஞ்சி ரோட்டில் ஏறியதும் நான் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பில்லில் நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். சாப்பாடு போட்டிருந்தான் நைனா, ஏழு நாளைக்குச் சாப்பாடு, விடுவேனா நான் என்றேன்.

மண்டகப்பட்டு தாண்டியபோது உதவிக்கு வந்தவர் நைனாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நான் பேசுவதை நிறுத்தினேன்.

"போய்ட்டாருக்கா" என்றார்.

"எப்போ?"

"இப்பதான்கா. அஞ்சு நிமிஷம்கூட ஆவல."

நான் நைனாவின் கையை விடவில்லை. கை சூடாகத்தான் இருந்தது. வெளியே பாறையும் மணிலாக் கொல்லையும் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் அரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் என்ற கணக்கை என் தலை தானாகவே போட ஆரம்பித்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

அவர் கொஞ்சம் பொறுத்து, "ஊட்டுக்குள்ள எடுத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டார்.

"மாட்டாங்க."

"சரி. மாஸ்க் அப்பிடியே இருக்கட்டும்."

புரியாமல் அவரைப் பார்த்தேன். "உள்ள எறக்கி வச்சிட்டு, பத்து நிமிஷம் கழிச்சி நான் எடுத்துடறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எங்க வேலையில இது இருக்கறதுதான்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் முன்பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர் சைரனைப் போட்டார். அதுவரை சைரன் இல்லாமல்தான் வந்திருந்தோம்.

செஞ்சி கூட்டு ரோட்டில் கோட்டை பார்த்துவிட்டுத் திரும்பும் வேன்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டன. ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து டவுன் பஸ்ஸை நிறுத்தினார். எங்களுக்காக அத்தனை பேர் அவசரப்பட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. சைரன் கேட்டு எல்லாரும் வெளியே வந்திருந்தார்கள். "உசுரு இருக்குது, உசுரு இருக்குது, வழி வுடுங்க" என்று யாரோ கத்தினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சிலிண்டரோடு நைனாவைத் தூக்கிக்கொண்டு, வாசற்படி தாண்டி, ஹாலுக்குள் போனோம். அம்மா கட்டிலில் தன் கல்யாணப் பட்டுப்புடவையை நான்காக மடித்து விரித்திருந்தாள். அதன்மேல் கிடத்தினோம். தளத்துக்குக் கீழே, மின்விசிறிக்குக் கீழே, அவர் கேட்ட இடத்தில்.

அம்மா டம்ளரில் பால் வைத்திருந்தாள். காய்ச்சி, ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தபோது ஆம்புலன்ஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் மாஸ்க்கைக் கொஞ்சமாகத் தூக்கி, "ஒரு சொட்டு போதும்மா" என்றார். அம்மா ஸ்பூனால் ஊற்றினாள். "குடி, உன் ஊட்டுக்கு வந்துட்ட, குடி" என்றாள். பால் வாயோரமாக வழிந்து கழுத்துப் பக்கம் ஓடியது. நான் தலைமாட்டில் இருந்தேன். அம்மா பார்ப்பதற்குள் துண்டால் துடைத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து அவர் நாடியைப் பார்த்து, மாஸ்க்கைக் கழற்றி, கூடியிருந்தவர்களிடம் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் அழுகை எழுந்தது. மறுநாள் எடுக்கும்வரை நைனா அவருடைய ஹாலில்தான் இருந்தார். ஊரில் ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் அம்மா இதையே சொன்னாள். "எம் பொண்ணு இல்லன்னா அந்த ஆஸ்பத்திரிக்காரன் மொட்ட அடிச்சி அனுப்பியிருப்பான். பதனெட்டாயிரம் திருப்பினா. பணத்தையும் வுடல, அவரத் தெருவுலயும் வுடல" என்றாள். கேட்டவர்கள் என் தலையைத் தடவினார்கள். ஆம்பளைப் பிள்ளை செய்கிற வேலை என்றார் ஒரு மாமா. நான் காபி கொண்டுவரப் போகிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். அந்த ஆஸ்பத்திரி செய்தது அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையில் பணம் இருந்தும் ஐந்து மணி நேரம் அங்கே நின்றது நான். ஜெயிக்க வேண்டும் என்று நின்றேன்.

சொல்லிவிடலாம் என்று பல நாள் வாயெடுத்தேன். போன மாதம் ஒரு மத்தியானம் விதைக்கு மணிலா உடைத்துக்கொண்டிருந்தோம், நானும் அம்மாவும் மட்டும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்து, "அம்மா" என்றேன். அவள் அதே நேரத்தில் நிமிர்ந்து, "உன்ன ஒண்ணு கேக்கணும்டி. அன்னிக்கு நீதான தலமாட்டுல இருந்த. நான் ஊத்துன பாலு உள்ள எறங்குச்சா?" என்றாள்.

இத்தனை மாதமாக அதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"எறங்குச்சிம்மா" என்றேன். "நான் பாத்தேன். தொண்ட அசைஞ்சுது."

அம்மா பெருமூச்சு விட்டாள். உடைத்த பருப்பை முறத்தில் ஒதுக்கிவிட்டு, "அப்ப சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, "அவ்ளோ சண்டயிலயும் நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துட்ட" என்றாள்.